‘தி அவுட்லா ஜோசி வேல்ஸ்’: போருக்குப் பின் ஒரு பழிக்கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி நடித்து 1976-ல் வந்த கௌபாய் படம் இது. பார்த்தவர்களும் பார்க்கப் போகிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். முடிவைப் பற்றிப் பேசாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது. முடிவு தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் முதல் மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொண்டு, படம் பார்த்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

கதை என்ன?

ஜோசி வேல்ஸ் மிசோரி மாநிலத்தில் ஏர் பிடித்துப் பிழைக்கும் குடியானவன். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும், ‘ஒன்றியம்’ என்று அழைக்கப்பட்ட வடக்குத் தரப்புக்கும் இடையே அமெரிக்க உள்நாட்டுப் போர் நடக்கிறது. பக்கத்து மாநிலமான கான்சஸிலிருந்து வரும் ‘ரெட்லெக்ஸ்’ என்ற வடக்குத் தரப்புக் குதிரைப்படைக் கூட்டம் அவன் வீட்டைக் கொளுத்துகிறது. மனைவியும் சின்னப் பையனும் செத்துப்போகிறார்கள். கூட்டத்தின் தலைவன் டெரில், ஜோசியின் முகத்தில் வாளால் கீறிவிட்டுப் போகிறான். ஜோசி தன் கையாலேயே குழி வெட்டிப் புதைக்கிறான், சிலுவை நடுகிறான், அதைப் பிடித்தபடியே சரிந்து விழுகிறான். வசனமே இல்லை. பிறகு எரிந்த வீட்டின் சாம்பலில் கிடக்கும் துப்பாக்கியை எடுத்து, ஒரு கம்பத்தைக் குறிவைத்துச் சுட்டுப் பழக ஆரம்பிக்கிறான்.

அந்த வழியாக வரும் தெற்குத் தரப்புக் கெரில்லாக்களோடு சேர்ந்து கிளம்புகிறான். நான்கு வருடப் போர், பெயர்கள் ஓடும் சில நிமிடங்களில் நீல நிறம் தோய்ந்த காட்சிகளாகக் கடந்துவிடுகிறது. படம் நின்று நிதானமாகச் சொல்ல விரும்புவது போர் முடிந்த பிறகு நடப்பதைத்தான். தோற்றவர்கள் சரணடையப் போகிறார்கள், ஜோசி மட்டும் மறுக்கிறான். சரணடைந்தவர்கள் கொல்லப்படுகிறார்கள். தலைக்கு விலை வைக்கப்பட்ட ஜோசி டெக்சாஸை நோக்கி ஓடுகிறான். வழியில் ஒவ்வொருவராக அவனோடு ஒட்டிக்கொள்கிறார்கள்.

கௌபாய் படம் பார்த்துப் பழக்கமில்லாதவர்கள் பார்க்கலாமா?

தாராளமாக. 135 நிமிடப் படம், நிதானமாக நகரும். துப்பாக்கிச் சண்டைகளுக்கு நடுவே நிறையப் பேச்சும், எதிர்பாராத இடங்களில் சிரிப்பும் உண்டு. பெண்கள் மீதான வன்முறை சில காட்சிகளில் வருகிறது, சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்க்க வேண்டாம்.

மிசோரிக்கும் கான்சஸுக்கும் அப்படி என்ன பகை?

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் இரண்டு மடங்கு புரியும். 1854-ல் வந்த ஒரு சட்டம், கான்சஸில் அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே குடியேறுகிறவர்களே முடிவு செய்யலாம் என்றது. மிசோரியில் அடிமை முறை இருந்தது. அங்கிருந்து ஆட்கள் எல்லை தாண்டிப் போய்க் கள்ள ஓட்டுப் போட்டார்கள், அடித்தார்கள், கொளுத்தினார்கள். அடிமை முறையை எதிர்த்த குடியேறிகளும் ஆயுதம் எடுத்தார்கள். நாடு முழுக்கப் போர் வெடித்தது 1861-ல். இந்த எல்லையில் அதற்கு ஆறேழு வருடம் முன்பே இரத்தம் சிந்த ஆரம்பித்துவிட்டது.

போர் வந்ததும் பகைக்கு ராணுவச் சீருடை கிடைத்தது. 1861 செப்டம்பரில் கான்சஸைச் சேர்ந்த செனட்டர் ஜேம்ஸ் லேனின் ஆட்கள் மிசோரியின் ஓசியோலா என்ற ஊரைச் சூறையாடி எரித்தார்கள். 1863 ஆகஸ்ட் 21 அன்று குவான்ட்ரில் என்பவனின் கெரில்லாக்கள் கான்சஸின் லாரன்ஸ் நகருக்குள் விடியற்காலையில் புகுந்து, ஆண்களும் பையன்களுமாக 150 பேருக்கு மேல் கொன்றார்கள். நான்கே நாளில் வடக்குத் தரப்பு ராணுவம் பதிலடியாக ஒரு உத்தரவு போட்டது. மிசோரி எல்லையோர மாவட்டங்களின் கிராமப்புற மக்கள் பதினைந்து நாளுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலியான வீடுகள் எரிந்தன. ஜோசியின் வீடு எரிவது கற்பனைக் காட்சிதான். அப்படி எரிந்த வீடுகள் எல்லைக்கு இரண்டு பக்கமும் நிஜமாகவே இருந்தன.

படத்தில் ஜோசியைச் சேர்த்துக்கொள்ளும் ‘பிளடி பில்’ ஆண்டர்சனும் நிஜ ஆள்தான். 1864-ல் சென்ட்ரேலியா என்ற ஊரில் ரயிலை மறித்து, விடுப்பில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஆயுதமில்லாத சிப்பாய்கள் இருபதுக்கும் மேற்பட்டோரை இறக்கிச் சுட்டவன். அடுத்த மாதமே அவனும் கொல்லப்பட்டான்.

அப்படியானால் ஜோசி அடிமை முறைக்காகப் போரிட்டவன்தானே? அவனை எப்படி நாயகனாக ஏற்பது?

கேட்க வேண்டிய கேள்வி. படம் இதற்குப் பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறது என்பதுதான் உண்மை. ஜோசிக்கு அடிமைகள் இருந்ததாகக் காட்டவில்லை, கொள்கை எதுவும் அவன் வாயில் வருவதில்லை. வீடு எரிந்தது, அதனால் போனான் என்ற அளவில் கதையை நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் எந்த அநியாயத்தால் அந்தப் போர் வந்ததோ அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அடிமையாக இருந்து விடுதலையான கறுப்பின மக்கள் இந்தக் கதைக்குள் இடமே பெறவில்லை. லாரன்ஸில் கொல்லப்பட்டவர்களில் கறுப்பின மக்களும் உண்டு. ஜோசி நான்கு வருடம் யாரோடு சவாரி செய்தான், அவர்களோடு சேர்ந்து என்னென்ன செய்தான் என்பதைப் படம் அந்த நீலப் புகைக்குள் மறைத்துவிடுகிறது.

இது சின்னக் குறையில்லை. தெற்குத் தரப்பை ஏமாற்றப்பட்ட அப்பாவிகளாகவும், வடக்குத் தரப்பைக் கொடூரர்களாகவும் காட்டுவது அமெரிக்க சினிமாவில் பழைய வழக்கம். அந்த வழக்கத்தின் வாடை இதிலும் இருக்கிறது. அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்பதைக் கீழே மூல நாவலைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன். இவ்வளவும் தெரிந்தும் இந்தப் படத்தை நான் விடாமல் பரிந்துரைப்பதற்குக் காரணம், அது நாவலாசிரியரின் பார்வையைத் தாண்டி வேறொரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

சரணடைந்தவர்களைச் சுட்டுக் கொல்லும் காட்சி நிஜமாக நடந்ததா?

அந்தக் காட்சி அப்படியே நடந்ததில்லை. 1865-ல் மிசோரிக் கெரில்லாக்கள் பலர் சரணடைந்து, உறுதிமொழி எடுத்து, வீட்டுக்குத் திரும்பினார்கள். எல்லோருக்கும் அது சுமுகமாக முடியவில்லை. பிற்காலத்தில் கொள்ளைக்காரனாகப் பேர்பெற்ற ஜெஸ்ஸி ஜேம்ஸ் அப்போது 17 வயதுப் பையன். அந்த வருடம் மே மாதம் லெக்சிங்டன் ஊருக்குப் பக்கத்தில் வடக்குச் சிப்பாய்களின் குண்டு அவன் நெஞ்சில் பாய்ந்தது.

படத்தில் அந்தக் காட்சி எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கெரில்லாத் தலைவன் ஃப்ளெட்சர் தன் ஆட்களிடம், போர் முடிந்தது, மன்னிப்புத் தருவதாகச் சொல்கிறார்கள், வாருங்கள் என்று அழைத்துப் போகிறான். ஆட்கள் ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு வரிசையாக நிற்கிறார்கள். வலது கையைத் தூக்கி, அமெரிக்க ஒன்றியத்துக்கு விசுவாசமாக இருப்போம் என்று சத்தியம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது வண்டியின் மறைப்பு விலகுகிறது, உள்ளே கைப்பிடியைச் சுழற்றிச் சுடும் கேட்லிங் துப்பாக்கி. சொல்லிக்கொண்டிருந்த சத்தியம் முடிவதற்குள் ஆட்கள் விழுந்துவிடுகிறார்கள். கேட்லிங் 1862-ல் காப்புரிமை பெற்றது, அந்தப் போரில் மிக அரிதாகவே பயன்பட்டது. ஆகவே வரலாற்றுப்படி அது அங்கே இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. காட்சிக்கு அது தேவைப்பட்டிருக்கிறது.

ஃப்ளெட்சர் கொதித்துப்போய், அங்கே நிற்கும் வடக்குத் தரப்புச் செனட்டரிடம், இவர்களைக் கண்ணியமாக நடத்துவதாக வாக்குக் கொடுத்தீர்களே என்கிறான். செனட்டர் அசராமல் பதில் சொல்கிறார்: கண்ணியமாகச் சாப்பாடு போட்டோம், கண்ணியமாகச் சுட்டுவிட்டோம். இந்த இடத்தை மறக்காதீர்கள். கொடுத்த வாக்குக்கு மதிப்பில்லாமல் போனதில் தொடங்கும் கதை இது. கடைசிக் காட்சி வரை இந்தச் சரடு அறுவதில்லை.

பழிவாங்கும் படம் என்கிறார்கள். ஆனால் பாதிப் படத்துக்கு மேல் ஜோசி யாரையும் தேடிப் போவதே இல்லையே?

ஆமாம், அதுதான் இந்தப் படத்தின் அழகு. வழக்கமான பழிக்கதையில் நாயகன் எதிரிகளை ஒவ்வொருவராகத் தேடிப் போவான். இங்கே எதிரிதான் தேடி வருகிறான், நாயகன் ஓடுகிறான். ஓடுகிறவனுக்குத் துணை எதுவும் வேண்டாம். ஆனால் ஆட்கள் சேர்ந்துகொண்டே போகிறார்கள். காயம்பட்டுச் சாகப்போகும் ஜேமி என்ற பையன் முதலில். அவன் போன பிறகு லோன் வேட்டி என்ற செரோக்கிப் பழங்குடி முதியவர். அடுத்து, வணிகக் கூடாரம் ஒன்றில் அடிமைபோல் நடத்தப்பட்ட லிட்டில் மூன்லைட் என்ற பழங்குடிப் பெண். அவளோடு ஒரு நாய். ஜோசி அதன் தலையில் புகையிலை எச்சில் துப்பினாலும் அது போகாது. கடைசியில் கான்சஸிலிருந்து வரும் சாரா பாட்டியும் அவர் பேத்தி லாரா லீயும்.

பாட்டி கான்சஸ்காரர் என்பதுதான் இதில் முக்கியம். மிசோரிக்காரன் என்றாலே அவருக்குக் கொலைகாரன்தான், அதை ஜோசியின் காதுபடவே சொல்கிறார். கொள்ளைக்கூட்டம் ஒன்றிடமிருந்து ஜோசி அவர்களைக் காப்பாற்றுகிறான். டெக்சாஸில் பாட்டியின் மகன் விட்டுப்போன பண்ணை வீட்டில் எல்லோரும் சேர்ந்து தூசி தட்டி, பெருக்கிக் குடியேறுகிறார்கள். சாப்பாட்டுக்கு முன் பாட்டி செய்யும் ஜெபத்தில், சாத்தானின் பக்கம் நின்ற கொலைகாரனை நல்லவனாக மாற்றியதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறார். எல்லோர் எதிரிலும், ஜோசியையும் வைத்துக்கொண்டு. அவனைப் பொறுத்தவரை அது பாராட்டா அவமானமா என்று சொல்ல முடியாத ஒரு கணம். அவன் முகத்தில் ஒன்றும் தெரியாது.

யாரால் குடும்பத்தை இழந்தானோ அந்த மாநிலத்துப் பாட்டி. வடக்கும் தெற்கும் சேர்ந்து மண்ணைப் பிடுங்கிய பழங்குடிகள். போர் உடைத்துப்போட்ட எல்லாத் தரப்பிலிருந்தும் மிச்சம் விழுந்தவர்கள் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிடுகிறார்கள். இதைப் பற்றி யாரும் அங்கே பேசுவதில்லை, யார் தண்ணீர் இறைப்பது, யார் வேலி கட்டுவது என்பதுதான் பேச்சு.

லோன் வேட்டியாக வரும் முதியவர் யார்?

சீஃப் டான் ஜார்ஜ். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்லெய்ல்-வவுடூத் மக்களின் தலைவராக இருந்தவர், 1899-ல் பிறந்தவர். அறுபது வயதுக்குப் பிறகுதான் நடிக்க வந்தார். 1970-ல் வந்த ஒரு படத்துக்காக ஆஸ்கார் பரிந்துரை பெற்றார். இந்தப் படம் வந்தபோது அவருக்கு 76 வயது. 1981-ல் காலமானார். அவர் வரும் காட்சிகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தாலும் அலுக்காது.

வேட்டி என்ற பெயருக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. ஸ்டாண்ட் வேட்டி என்ற செரோக்கித் தலைவர் தெற்குத் தரப்பில் தளபதியாக இருந்தார். 1865 ஜூனில், தெற்குத் தளபதிகளில் கடைசியாகச் சரணடைந்தவர் அவர்தான். செரோக்கிகளில் வசதியானவர்கள் சிலர் அடிமைகளையும் வைத்திருந்தார்கள். ஆகவே இங்கேயும் நியாயம் ஒரே பக்கத்தில் இல்லை.

லோன் வேட்டி தன் கதையைச் சொல்லும் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். தொப்பியும் நீளக் கோட்டும் போட்டுக்கொண்டு வாஷிங்டனுக்குப் போனோம், அமைச்சர் கை குலுக்கினார், முயற்சியைக் கைவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார், பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள் என்கிறார். அதைப் பற்றி ரொம்ப நாள் யோசித்தோமாம். போதுமான அளவு யோசித்து முடித்ததும் ஒன்றியத்தின் மீது போர் அறிவித்தோம் என்கிறார். முகத்தில் துளி கோபம் இல்லாமல், சாவகாசமாக. மனைவியும் இரண்டு மகன்களும் ‘கண்ணீர்ப் பாதை’யில் செத்ததையும் அதே குரலில்தான் சொல்கிறார். செரோக்கி மக்களை அவர்களுடைய நிலத்திலிருந்து கிளப்பி, 1838–39-ல் மேற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்கு நடத்திப்போன பயணம் அது. வழியிலும் முகாம்களிலும் ஏறக்குறைய 4,000 பேர் இறந்ததாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள்.

கமாஞ்சித் தலைவனை ஜோசி தனியாகச் சந்திக்கும் காட்சியை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?

பண்ணை வீடு கமாஞ்சி என்ற பழங்குடி மக்களின் நிலத்தில் இருக்கிறது. தலைவன் டென் பேர்ஸ் படையோடு வருகிறான். ஜோசி சண்டைக்கு ஏற்பாடு செய்துவிட்டு, ஒற்றை ஆளாகக் குதிரையில் போய் அவன் எதிரே நிற்கிறான். இரண்டு குதிரைகள், இரண்டு மனிதர்கள், நல்ல வெளிச்சம். வழக்கமான கௌபாய் படமாக இருந்தால் அடுத்து வருவது துப்பாக்கிச் சத்தம்தான்.

ஜோசி பேசுகிறான், படம் முழுக்க அவன் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு இருக்காது. அரசாங்கங்கள் இரட்டை நாக்கால் பேசுகின்றன, நாம் இருவரும் அவற்றிடம் எல்லாவற்றையும் இழந்தவர்கள் என்கிறான். சாவது நம்மைப் போன்றவர்களுக்குக் கஷ்டமில்லை, வாழ்வதுதான் கஷ்டம் என்கிறான். உன் மக்கள் இந்த வழியாகப் போகலாம், என் மாட்டில் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், நாங்களும் இங்கே இருக்கிறோம். கொடுப்பதற்கு என்னிடம் காகிதமோ முத்திரையோ இல்லை, சாவைப் பற்றியும் வாழ்வைப் பற்றியும் நான் சொல்லும் சொல்தான் இருக்கிறது என்பதுதான் அவன் பேச்சின் சாரம். டென் பேர்ஸ் அதை ஏற்கிறான். உன் சாவுச் சொல்லில் இரும்பு இருக்கிறது, ஆகவே உன் வாழ்வுச் சொல்லிலும் இருக்கிறது என்கிறான். உள்ளங்கையைக் கீறி இரத்தம் சேர்த்துக்கொள்கிறார்கள்.

படத்தின் தொடக்கத்தில் சத்தியம் வாங்கிக்கொண்டே சுட்டார்கள். இங்கே சாட்சியும் எழுத்தும் இல்லாத ஒரு வார்த்தை நிற்கிறது.

டென் பேர்ஸாக நடித்த வில் சாம்ப்சன் மஸ்கோகி இனத்தவர், ஓவியரும்கூட. அந்தப் பெயரில் ஒரு கமாஞ்சித் தலைவர் நிஜமாகவே இருந்தார். 1867-ல் அமெரிக்க அரசாங்கத்தோடு நடந்த மெடிசின் லாட்ஜ் உடன்படிக்கைக் கூட்டத்தில், காற்று தடையில்லாமல் வீசிய புல்வெளியில் பிறந்தவன் நான் என்று அவர் பேசிய பேச்சு பதிவாகியிருக்கிறது. அப்போதே அவர் முதியவர், 1872-ல் இறந்துபோனார். படத்தில் காட்டும் திடகாத்திரமான நடுவயது வீரன் அவரில்லை. ஒப்பந்தம் போட்டுவிட்டு அதை மீறிய அரசாங்கத்தைப் பற்றிய மனத்தாங்கல் மட்டும் வரலாற்றிலிருந்து அப்படியே வந்திருக்கிறது.

வெளியே போன பவுண்டி வேட்டைக்காரன் ஏன் திரும்பி வருகிறான்?

பவுண்டி வேட்டைக்காரன் என்றால், தலைக்கு விலை வைக்கப்பட்டவர்களைப் பிடித்துக் காசு பார்ப்பவன். அப்படி ஓர் ஆள் பாழடைந்த ஊரின் மதுக்கடைக்கு வந்து, ஜோசி வேல்ஸைத் தேடுகிறேன் என்கிறான். ஜோசி அமைதியாக, இதில் நீ இறங்க வேண்டியதில்லை, திரும்பிப் போய்விடலாம் என்கிறான். பிழைப்புக்கு எதையாவது செய்ய வேண்டுமே என்கிறான் வந்தவன். சாவது ஒரு பிழைப்பா தம்பி என்று ஜோசி கேட்கிறான். அவன் வெளியே போய்விடுகிறான். எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். கதவு மறுபடி திறக்கிறது. திரும்பி வராமல் இருக்க முடியவில்லை என்கிறான். ஜோசி, தெரியும் என்கிறான். பிறகு ஒரே வெடி.

இரண்டு நிமிடக் காட்சி இது. செத்தவனின் பெயர் கூட நமக்குத் தெரியாது. ஆனால் ஜோசியும் இந்த ஆளும் ஒரே வழியில் வந்தவர்கள் என்பது அந்தத் ‘தெரியும்’ என்ற ஒரு சொல்லில் வந்துவிடுகிறது. பழியிலிருந்தும் வன்முறையிலிருந்தும் வெளியே போகக் கதவு திறந்தே இருக்கிறது. அதைத் தாண்டிப் போனவனாலும் திரும்பி வராமல் இருக்க முடியவில்லை. எனக்கு இந்தப் படத்தின் ஆகச் சிறந்த காட்சி இதுதான்.

ஜோசி ஏன் இத்தனை துப்பாக்கி வைத்திருக்கிறான்?

அந்தக் காலத்து ரிவால்வரில் இன்றைய தோட்டா கிடையாது. ஆறு அறைகளிலும் தனித்தனியாக வெடிமருந்து கொட்டி, ஈய உருண்டையை வைத்து இடித்து இறக்கி, பின்னால் ஒவ்வொன்றுக்கும் ஒரு செப்புக் கேப் மாட்ட வேண்டும். குதிரை மேல் ஓடிக்கொண்டே இதைச் செய்ய முடியாது. அதனால் எல்லைக் கெரில்லாக்கள் மருந்து நிரப்பிய ரிவால்வர்களை இடுப்பிலும் சேணத்திலும் வரிசையாகச் செருகிக்கொண்டு போவார்கள், ஒன்று தீர்ந்தால் அடுத்தது. ஜோசி இடுப்பில் வைத்திருக்கும் பெரிய ஜோடி, வாக்கர் கோல்ட் வகை. ஒன்றே ஏறக்குறைய இரண்டு கிலோ எடை.

இந்த விவரம் கடைசியில் கதையாகவே மாறுகிறது. டெரிலின் கூட்டம் பண்ணை வீட்டைத் தாக்குகிறது. வீட்டுச் சுவரில் சிலுவை வடிவத்தில் விட்ட துளைகள் வழியாகப் பாட்டி முதல் எல்லோரும் சுடுகிறார்கள். காயத்தோடு ஜோசி டெரிலைத் துரத்திப் போய்ச் சுவரோரம் மடக்குகிறான். துப்பாக்கியை நீட்டி விசையை அழுத்துகிறான், வெற்றுச் சத்தம். மறுபடி, மறுபடி. அந்தத் துப்பாக்கியைப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறான், அதிலும் குண்டு இல்லை. ஒவ்வொன்றாக எல்லாத் துப்பாக்கியும் காலி. நடுநடுவே எரியும் வீட்டின் காட்சிகள் மின்னி மறைகின்றன. டெரில் வாளை உருவ, ஜோசி அவன் கையைப் பிடித்து அதே வாளை அவனுக்குள் இறக்குகிறான். முகத்தில் கீறிய வாள் அது.

இத்தனை வருடம் காத்திருந்த பழி நிறைவேறும் இந்த இடத்தில் இசை முழங்குவதில்லை, நாயகன் நிமிர்ந்து நிற்பதில்லை. வெறும் கிளிக், கிளிக் சத்தம்தான் காதில் நிற்கிறது.

முடிவு குழப்பமாக இருக்கிறது. ஃப்ளெட்சருக்கு ஜோசியை அடையாளம் தெரிந்ததா இல்லையா?

தெரிந்தது. நடப்பது இதுதான்: அடிபட்ட ஜோசி ஊருக்குள் வருகிறான். மதுக்கடையில், ஜோசியைத் தேடி வந்த ஃப்ளெட்சரும், டெக்சாஸ் மாநிலக் காவலர்களான இரண்டு ரேஞ்சர்களும் நிற்கிறார்கள். கடையில் இருப்பவர்கள் ஜோசியை ‘மிஸ்டர் வில்சன்’ என்று கூப்பிடுகிறார்கள். ஜோசி வேல்ஸா, அவன் மெக்சிகோவின் மான்டெரேயில் சுடப்பட்டுச் செத்தான், நாங்களே பார்த்தோம் என்று வாக்குமூலம் எழுதிக் கையெழுத்தும் போடுகிறார்கள். ரேஞ்சர்கள் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஃப்ளெட்சர் போகவில்லை. ஜோசியின் பூட்ஸ் மேல் இரத்தம் சொட்டுகிறது, அதைப் பார்க்கிறான். நான் மெக்சிகோவுக்குப் போய் ஜோசியைத் தேடப் போகிறேன், முதல் அடியை அவனுக்கே விட்டுக்கொடுப்பேன், அவனுக்கு நான் அவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்கிறான். போர் முடிந்துவிட்டது என்று அவனிடம் சொல்லப் பார்ப்பேன் என்றும் சொல்கிறான். ஜோசி, அந்தப் போரில் நாம் எல்லோருமே கொஞ்சம் செத்துத்தான் போனோம் என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்புகிறான்.

உண்மையாகச் சத்தியம் செய்தவர்களைத் தொடக்கத்தில் கொன்றார்கள். முடிவில் ஊரே சேர்ந்து பொய்யாக எழுதிக்கொடுத்த காகிதம் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறது. காட்டிக்கொடுத்தவன் என்று ஜோசி நினைத்த அதே ஃப்ளெட்சர், தெரிந்தும் தெரியாததுபோல் நின்று அந்தப் பொய்யைத் தாங்கிப் பிடிக்கிறான். பழியைத் தீர்த்தது டெரிலின் சாவு என்று பலர் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. டெரில் செத்த பிறகும் ஃப்ளெட்சர் என்ற கணக்கு பாக்கி இருந்தது. இருவரும் சுடாமல் விலகிய அந்த நிமிடத்தில்தான் அது முடிகிறது.

ஜோசி பண்ணைக்குப் போனானா, வேறெங்காவது போய் இறந்தானா என்று படம் காட்டவில்லை. பண்ணைக்குப் போனான் என்றே நான் நம்புகிறேன்.

மூல நாவலை எழுதியவர் இனவெறியர் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நாவலில் இருந்த பெயர் ஃபாரெஸ்ட் கார்ட்டர், தன்னை செரோக்கி வம்சாவளி என்று சொல்லிக்கொண்டவர். நிஜத்தில் அவர் அலபாமாவைச் சேர்ந்த ஏசா கார்ட்டர், கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி இயக்கத்தின் அமைப்பாளர். 1956-ல் பர்மிங்ஹாம் மேடையில் கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோலைத் தாக்கியவர்கள் இவரது வட்டத்தைச் சேர்ந்தவர்கள். ‘இனப் பிரிவினை இன்றும், நாளையும், என்றென்றும்’ என்று அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் 1963-ல் முழங்கிய பதவியேற்பு உரையை எழுதியதில் முக்கியப் பங்கு இவருடையது. 1970-ல் வாலஸையே எதிர்த்து ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றார். பிறகு ஊரையும் பெயரையும் மாற்றிக்கொண்டு எழுத்தாளர் ஆனார். படம் வந்த 1976-லேயே ‘நியூயார்க் டைம்ஸ்’ இதை வெளியே கொண்டுவந்தது. 1979-ல் அவர் இறந்தார்.

அரசாங்கத்தின் மேல் படத்துக்கு இருக்கும் அவநம்பிக்கைக்கும், வடக்குத் தரப்பை மட்டும் கொடியவர்களாகக் காட்டுவதற்கும் வேர் இங்கேதான். இதை மறைத்துவிட்டுப் படத்தைப் புகழ்வது நேர்மையில்லை. அதேசமயம், திரைக்கதை எழுதிய பிலிப் காஃப்மனும் சோனியா செர்னஸும், இயக்கிய ஈஸ்ட்வுட்டும், நடித்த டான் ஜார்ஜும் சாம்ப்சனும் சேர்ந்து அந்தக் கதையை வேறொன்றாக ஆக்கினார்கள். லோன் வேட்டியின் குரலில் வரும் கண்ணியம் டான் ஜார்ஜ் கொண்டுவந்தது.

இயக்குநரைப் பாதியில் மாற்றினார்களாமே?

ஆமாம். 1975-ல் படப்பிடிப்பு தொடங்கியபோது இயக்குநர் காஃப்மன்தான். சில வாரங்களில் அவரை நீக்கிவிட்டு ஈஸ்ட்வுட்டே இயக்கினார். அமெரிக்க இயக்குநர் சங்கம் கொதித்தது. ஒரு படத்தில் ஏற்கெனவே வேலை செய்கிற ஒருவர் அதன் இயக்குநரை நீக்கிவிட்டு அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்று விதி போட்டார்கள். அதை இன்றும் ‘ஈஸ்ட்வுட் விதி’ என்றே சொல்கிறார்கள்.

படத்துக்கு என்ன வரவேற்பு கிடைத்தது?

அமெரிக்கா தன் 200-வது சுதந்திர தினத்தைக் கொண்டாடுவதற்குச் சில நாள் முன்பு, 1976 ஜூன் 30 அன்று வெளியானது. வியட்நாம் போர் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. போரிலிருந்து திரும்பியவர்களோடு எப்படி வாழ்வது, எதிரெதிராக நின்றவர்கள் ஒரே ஊரில் எப்படி இருப்பது என்ற கேள்வி அந்தப் பார்வையாளர்களுக்குப் பழங்கதையில்லை. வசூலில் வெற்றி. ஜெர்ரி ஃபீல்டிங்கின் இசைக்கு ஆஸ்கார் பரிந்துரை கிடைத்தது. ஒளிப்பதிவாளர் புரூஸ் சர்டீஸுக்கும் ஒன்று கிடைத்திருக்க வேண்டும்: முகத்தின் ஒரு பாதியை இருட்டில் விட்டு, தொப்பியின் விளிம்புக்குக் கீழே கண்ணில் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம் வைப்பார். 1996-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இதைச் சேர்த்தது. விமர்சகர்கள் அலட்சியமாகப் பார்த்த காலத்திலேயே புகழ்பெற்ற இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் இதைப் பெரிய கௌபாய் படங்களின் வரிசையில் வைத்துப் பேசினார்.

தொடர்ச்சி உண்டா? அடுத்து எதைப் பார்ப்பது?

1986-ல் மைக்கேல் பார்க்ஸ் நடித்து ஒரு தொடர்ச்சி வந்தது. அதில் ஈஸ்ட்வுட் இல்லை, தேடிப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. இதன் உண்மையான அடுத்த அத்தியாயம் 1992-ல் ஈஸ்ட்வுட்டே எடுத்த ‘அன்ஃபர்கிவன்’. சிறந்த படம், சிறந்த இயக்குநர் என்று ஆஸ்கார் வாங்கியது. பழைய கொலைகாரன் ஒருவன் வயதான பிறகு மறுபடி துப்பாக்கி எடுக்கிறான். ஜோசி வேல்ஸுக்குக் கிடைத்த பாட்டியோ, லோன் வேட்டியோ, ஃப்ளெட்சரோ அவனுக்குக் கிடைக்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள், முதலில் இதை.